தவறு மட்டும் சிறுப்பதில்லை: வீட்டுப் பட்டறையில் நுண்பற்சக்கரம் வெட்டும் கலை

மணிக்கு ஒருமுறை சுழலும் கடிகாரச் சக்கரம் ஒன்றுக்கு 64 பற்களும், அது ஓட்டுகிற அடுத்த தண்டிலுள்ள சிறு சக்கரத்துக்கு 8 பற்களும் இருப்பதாகக் கொண்டால், பெரியது ஒருமுறை சுற்றுவதற்குள் சிறியது எட்டு முறை சுற்றிவிடும். அதே தண்டில் ஏற்றப்பட்ட 60 பல் சக்கரம் இன்னொரு 8 பல் சக்கரத்தை ஏழரை மடங்கு வேகத்தில் ஓட்ட, எட்டும் ஏழரையும் பெருகி அறுபதாகி, நொடிமுள்ளைத் தாங்கும் தண்டு நிமிடத்துக்கு ஒருமுறை சுழலும். ஆளுயரப் பெட்டிக்குள் ஊசல் ஆடும் பழைய ஆங்கிலேயக் கடிகாரங்களில் பெரிதும் காணப்படும் இந்தக் கணக்கைப் பள்ளிப் பிள்ளையும் போட்டுவிடலாம். இதே இணையை உள்ளங்கையில் அடங்கும் கடிகாரத்துக்குரிய அளவில், வீட்டின் பின்கட்டில் ஒரு சிறு லேத்தையும் மில்லிங் இயந்திரத்தையும் வைத்துக்கொண்டு பித்தளையிலும் எஃகிலும் வெட்டி எடுக்க முற்படும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது.

பற்சக்கரங்களின் பருமனை மாட்யூல் என்னும் எண்ணால் குறிப்பது வழக்கம். இரு சக்கரங்கள் பல்லோடு பல் பொருந்திச் சுழல்வதை, பற்களே இல்லாத இரு வழவழப்பான உருளைகள் ஒன்றையொன்று தொட்டு உருள்வதாகக் கற்பனை செய்துகொண்டால், அந்தக் கற்பனை உருளையின் விட்டம் பல்வட்ட விட்டம் எனப்படும். மில்லிமீட்டரில் அளந்த அவ்விட்டத்தைப் பற்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது மாட்யூல். ஒன்றோடொன்று பொருந்த வேண்டிய சக்கரங்கள் அனைத்துக்கும் மாட்யூல் ஒன்றாகவே இருக்க வேண்டும். லேத்தின் மாற்றுப் பற்சக்கரங்களில் அது ஒன்றுக்கும் இரண்டுக்கும் இடையிலும், சுவர்க் கடிகாரங்களில் பெரும்பாலும் அரைக்கும் ஒன்றுக்கும் இடையிலும் நிற்க, மேற்சொன்ன சிறு கடிகாரத்துக்கு 0.2 என வைத்துக்கொண்டால், 64 பல் சக்கரத்தின் பல்வட்டம் 12.8 மி.மீ., 8 பல் சக்கரத்தினுடையது 1.6 மி.மீ., இரு தண்டுகளுக்கும் இடையே உள்ள மையத் தொலைவு 7.2 மி.மீ. என்று கணக்கு விழுகிறது. பெரிய சக்கரத்தின் ஒரு பல்லின் தடிமன் 0.31 மி.மீ.; பினியன் என்று அழைக்கப்படும் சிறு சக்கரத்தின் பல் அதனினும் மெலிந்து ஏறத்தாழ 0.21 மி.மீ., அதாவது தலைமுடி இழைகள் மூன்றை ஒட்டி அடுக்கிய கனம்.

மூன்று தாடைகளால் பொருளைக் கவ்விப் பிடிக்கும் சாதாரண லேத் சக், நல்ல நிலையில் இருந்தாலும், பொருளை இயந்திரத்தின் சுழல்மையத்திலிருந்து 0.05 மி.மீ. அளவுக்கு விலக்கிப் பிடிப்பது இயல்பு. 2 மாட்யூல் சக்கரம் வெட்டுபவருக்கு இந்த விலகல் மாட்யூலில் நாற்பதில் ஒரு பங்குதான் என்பதால் பல வேலைகளில் பொருட்படுத்தாமல் விடலாம், 0.2 மாட்யூலில் அதே விலகல் நான்கில் ஒரு பங்காகிவிடுவதால், சக்கரம் பாதிச் சுற்றில் இறுகிப் பிடித்து மறுபாதியில் பல் தொட்டும் தொடாமலும் நழுவும். தவறு இயந்திரத்திலிருந்து பிறப்பது. வேலைப்பொருளின் அளவைச் சுருக்கியதால் அது தானும் சுருங்கிவிடுவதில்லை. விறைப்போ இதற்கு நேர்மாறாக, அளவைக் காட்டிலும் மிக விரைவாகக் குறைகிறது: நீளம் மாறாத ஒரு தண்டின் விட்டத்தைப் பாதியாக்கினால், அதே விசைக்கு அது முன்னினும் பதினாறு மடங்கு வளைந்து கொடுக்கும். நுண்பற்சக்கர வேலையின் நுணுக்கங்கள் பலவும், உற்றுப் பார்த்தால், இயந்திரத்தின் தவறு பல்லை வந்தடையாதபடி இடையிலேயே மறிக்கும் உபாயங்களாகவே இருக்கின்றன. அவற்றுக்கு வேண்டியது விலையுயர்ந்த இயந்திரத்தைவிடப் பொழுதும் பொறுமையும் என்பதால்தான் இவ்வேலை தொழிற்சாலைக்கு வெளியேயும் வாழ முடிந்திருக்கிறது.

அப்படி வாழ்ந்ததற்குச் சான்றுகள் பல உண்டு. கடலில் தீர்க்கரேகையைக் கணிக்க உதவும் காலமானியை உருவாக்கிய ஜான் ஹாரிசன் தச்சராகத் தொடங்கியவர். இங்கிலாந்தின் வடபகுதிச் சிற்றூர் ஒன்றில் அவர் செய்த தொடக்ககாலக் கடிகாரங்களில், மரத்தின் இழையோட்டம் ஒவ்வொரு பல்லின் நீளவாக்கிலும் அமையும்படி, ஓக் மரத் துண்டுகளைச் சக்கர விளிம்பில் பதித்துப் பல் வெட்டியிருந்தார். பெர்சிவல் மார்ஷல் 1898-இல் இங்கிலாந்தில் தொடங்கிய ‘மாடல் இன்ஜினியர்’ என்ற இதழ், வேலை முடிந்து வீடு திரும்பிய எழுத்தரும் ஆசிரியரும் கொட்டகையில் சிறு லேத்தை வைத்துக்கொண்டு நீராவி இஞ்சின் மாதிரிகளும் கடிகாரங்களும் செய்யும் மரபை ஒரு நூற்றாண்டுக்கு மேலாக வளர்த்தது. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த மைஃபோர்டு லேத்துகளும், பிற்காலத்தில் மேசைமேல் வைக்கும் அளவிலான ஷெர்லைன் லேத்துகளும் அம்மரபின் கருவிகள். இவான் லா எழுதிய பற்சக்கர நூலும், மால்கம் வைல்டு கடிகாரச் சக்கரங்களுக்கென்றே எழுதிய நூலும் இத்துறையில் நுழைவோர் இன்றும் புரட்டுகிறவை. முழுக் கைக்கடிகாரத்தையும் தம் கையாலேயே செய்துகாட்டிய ஜார்ஜ் டேனியல்ஸ், அதற்கான வழிமுறைகளை 1981-இல் வெளியான தம் நூலில் மறைக்காமல் எழுதிவைத்தார். கிரேக்கத் தீவொன்றின் அருகே கடலடியில் 1901-இல் கிடைத்த, ஈராயிரம் ஆண்டுப் பழமையுள்ள ஆன்டிகிதேரா வானியற்கருவியின் வெண்கலச் சக்கரங்களை, அக்காலத்தில் இருந்திருக்கக்கூடிய கருவிகளால் எவ்வாறு செய்திருக்கலாம் என்று ஆஸ்திரேலியரான கிறிஸ் புடிசெலிச் தம் பட்டறையில் அரத்தாலேயே அராவிக் காட்டிவருகிறார். அக்கருவியில் 223 பற்கள் கொண்ட சக்கரமும் உண்டு. 223 என்பது ஒன்றாலும் தன்னாலுமன்றி வேறெதனாலும் வகுபடாத பகா எண் என்பதை நினைத்தால், அதை வட்டத்தில் பகுத்த கையின் திறம் விளங்கும்.

ஆன்டிகிதேராவின் பற்கள் வெறும் முக்கோணங்கள். முக்கோணப் பல் சுழற்சியைக் கடத்தும்; ஆனால் ஒவ்வொரு பல்லும் பொருந்தி விலகும்போது வேகம் சற்றே கூடிக் குறையும். வேகம் சீராக இருக்கவேண்டுமாயின் பல்லின் பக்கங்கள் குறிப்பிட்ட வளைவில் அமைய வேண்டும். இன்றைய பொறிகள் ஏறத்தாழ அனைத்திலும் காணப்படுவது இன்வால்யூட் வளைவு. உருளை ஒன்றில் சுற்றிய நூலை விறைப்பாகப் பிடித்தபடி பிரித்துக்கொண்டே வந்தால் நூலின் நுனி வரையும் கோடு அது. மையத் தொலைவு சற்றே பிசகினாலும் வேக விகிதம் மாறாது என்பது அதன் பெரும் சிறப்பு. பதினெட்டாம் நூற்றாண்டில் கணித மேதை ஆய்லர் அதைப் பற்சக்கரத்துக்குப் பரிந்துரைத்தார். கடிகாரம் செய்வோரோ இன்னொரு வளைவை விடாமல் பிடித்துக்கொண்டிருக்கின்றனர். ஒரு வட்டத்தின் மேல் இன்னொரு வட்டம் உருளும்போது, உருளும் வட்டத்தின் விளிம்புப் புள்ளி வரையும் கோட்டிலிருந்து பெறப்படும் சைக்ளாய்டு வகைப் பல் அது.

இது வெறும் பழமைப் பற்று அன்று. பொறிகள் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து வலுவைக் கூட்டும். கடிகாரமோ மெல்லச் சுழலும் பெரிய சக்கரத்தால் விரைந்து சுழலும் சிறிய பினியனை ஓட்டுவதால், ஒவ்வொரு படியிலும் வலு எட்டில் ஒன்றாகவோ ஏழில் ஒன்றாகவோ குறைந்துகொண்டே போய், கடைசித் தண்டை அடையும்போது விரல்நுனிக்குக்கூட எட்டாத அளவாகிவிடுகிறது. அந்நிலையில் உராய்வே முதற்பகை. இரு மையங்களையும் இணைக்கும் கற்பனைக் கோட்டை அடைவதற்கு முன்னரே பற்கள் தொட்டுக்கொண்டால், அவை ஒன்றின்மேல் ஒன்று குத்தி உள்நோக்கித் தள்ளும். கோட்டைக் கடந்த பிறகு தொட்டால் வழுக்கி விலகும். பினியன் பல்லின் பக்கங்களை மையத்தை நோக்கிய நேர்கோடுகளாகவும், சக்கரப் பல்லின் தலையைச் சைக்ளாய்டு வளைவாகவும் அமைத்தால், தொடுகையின் பெரும்பகுதி கோட்டைக் கடந்த பிறகே நிகழும். மேலும், வழக்கமான 20 பாகைச் சாய்வுள்ள இன்வால்யூட் வகையில் 17-க்குக் குறைந்த பற்களை வெட்டினால் பல்லின் அடிப்பகுதி அரிக்கப்பட்டு மெலியத் தொடங்கும். எட்டுப் பற்களில் அந்த அரிப்பு பல்லையே வலுவிழக்கச் செய்துவிடும். நடைமுறையில் உண்மையான சைக்ளாய்டு கோட்டை யாரும் வெட்டுவதில்லை. பிரிட்டிஷ் தரநிலை 978-இன் இரண்டாம் பகுதி அதற்கு மிக நெருங்கிய வட்டவில்களை அட்டவணையாகத் தருகிறது, வீட்டுப் பட்டறைக்கு அதுவே போதும்.

இனி, வட்டத்தை 64 சம பங்காக்குவது எப்படி என்பது கேள்வி. டிவைடிங் ஹெட் எனப்படும் பகுப்புக் கருவியின் கைப்பிடியை நாற்பது முறை சுற்றினால் அதிலுள்ள வேலைப்பொருள் ஒருமுறை சுற்றும். இடையில் திருகு வடிவ வார்ம் தண்டு ஒன்றும் 40 பல் சக்கரமும் உள்ளன. நாற்பதை 64-ஆல் வகுத்தால் எட்டில் ஐந்து. ஆகவே, கைப்பிடிக்குப் பின்னால் உள்ள துளைத்தகட்டில் பதினாறு துளை வரிசையைத் தேர்ந்து, ஒவ்வொரு பல்லுக்கும் பத்துத் துளைத்தூரம் நகர்த்த வேண்டும். ஒவ்வொரு முறையும் எண்ணிக்கொண்டிருந்தால் எங்கேனும் தவறும் என்பதால், விரித்து இறுக்கக்கூடிய இரண்டு தகட்டுக் கைகள் அந்தப் பத்தைக் காட்டிக்கொண்டேயிருக்கும். அப்படியும், கவனம் சிதறி ஒருமுறை கைகளை நகர்த்த மறந்து, கடைசியில் அரைப் பல்லோடு முடிந்த சக்கரம் இல்லாத பட்டறை உலகில் இருக்குமா என்பது ஐயமே. கைப்பிடியை எப்போதும் ஒரே திசையில் திருப்புவதும் கட்டாயம். தாண்டிப் போய்விட்டால் நன்றாகப் பின்னுக்குச் சென்று மீண்டும் முன்னே வர வேண்டும், இல்லையேல் வார்முக்கும் அதன் சக்கரத்துக்கும் இடையிலுள்ள தளர்வு பல்லின் இடத்தை மாற்றிவிடும்.

இக்கருவியின் அழகு, அது தவறையும் சேர்த்து நாற்பதால் வகுத்துவிடுவதில் இருக்கிறது: துளைத்தகட்டில் ஒரு துளை சற்றே இடம் மாறியிருந்தாலும் அந்தக் கோணத் தவறில் நாற்பதில் ஒரு பங்கே பல்லில் தெரியும். கருவியே இல்லாதவருக்கும் இதே விதி உதவும். 200 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தட்டு ஒன்றின் விளிம்பைச் சரியாகச் சுற்றிவரும் நீளத்துக்குக் காகித நாடா வெட்டி, அதை 64 சம பாகங்களாகக் குறித்து ஒட்டி, குறியிட்ட இடங்களில் துளையிட்டு லேத்தின் சுழல்தண்டில் பொருத்தினால், ஒரு துளை 0.2 மி.மீ. விலகியிருந்தாலும் 12.8 மி.மீ. சக்கரத்தில் அது 0.013 மி.மீ. ஆகச் சுருங்கிவிடும். இங்கிலாந்தில் ஜெஸ்ஸி ராம்ஸ்டன் 1770-களில் செய்த புகழ்பெற்ற பகுப்பு இயந்திரத்தின் பெரிய சக்கரம் 45 அங்குல விட்டமும் 2,160 பற்களும் கொண்டு, திருகின் ஆறு சுற்றுக்கு ஒரு பாகை என நகர்ந்ததும் இந்த அடிப்படையில்தான். பெரிதிலிருந்து சிறிதை நோக்கிப் பகுத்தால் தவறு குறையும். சிறிதிலிருந்து பெரிதைப் பகுத்தால் அது பெருகும்.

இப்போது பலரும் கைப்பிடிக்குப் பதிலாக, சுற்றுக்கு 200 படிகளாக நகரும் ஸ்டெப்பர் மோட்டாரைப் பொருத்திக் கணினிப் பலகையால் இயக்குகின்றனர். 90 சுற்றுக்கு ஒரு சுற்று நகரும் சுழல்மேசையில் அதைப் பொருத்தினால் முழுச் சுற்றுக்கு 18,000 படிகள். அதை 64-ஆல் வகுத்தால் 281.25 வருகிறது, கால் படி நகர முடியாதென்று நிரலில் 281 எனவே எழுதி ஒவ்வொரு முறையும் அதையே கூட்டிக்கொண்டு போனால், முழுச் சுற்றில் 16 படிகள் குறைந்து, 0.036 மி.மீ. பிழை முழுவதும் கடைசிப் பல்லின் தலையில் விழும். ஒவ்வொரு பல்லின் இடத்தையும் தொடக்கப் புள்ளியிலிருந்து புதிதாகக் கணக்கிட்டு அருகிலுள்ள முழுப்படிக்குத் திருத்தினால், எந்தப் பல்லும் அரைப் படிக்கு மேல் விலகாது. மோட்டார் வந்ததால் எண்ணும் வேலை போயிற்று. எங்கிருந்து எண்ணுவது என்ற கேள்வி அப்படியே நிற்கிறது.

பல்லின் உருவத்தைத் தருவது கட்டர். வெட்டப்படுவது பல் அன்று, பற்களுக்கு இடையிலான பள்ளமே என்பதால், கட்டரின் முனை அப்பள்ளத்தின் வடிவத்தை அப்படியே கொண்டிருக்க வேண்டும். இன்வால்யூட் வகையில் பற்களின் எண்ணிக்கைக்கு ஏற்பப் பள்ளத்தின் வடிவம் மாறுவதால், 12 பல்லிலிருந்து நேர்ப்பட்டை வரை ஒரு மாட்யூலுக்கு எட்டுக் கட்டர்கள் கொண்ட தொகுதி புழக்கத்தில் உள்ளது. 55 முதல் 134 பல் வரை ஒன்றே போதும், 12-க்கும் 13-க்கும் மட்டும் தனியே ஒன்று. கடிகாரச் சக்கரங்களுக்குப் பொதுவாக மாட்யூலுக்கு ஒரு கட்டர். பினியனுக்கோ பல் எண்ணிக்கை ஒவ்வொன்றுக்கும் தனித்தனி. இவற்றை விலைக்கு வாங்கலாம் என்றாலும் விலை சிறிதன்று. ஆதலால் வீட்டுப் பட்டறைக்காரர் பெரும்பாலும் ஒற்றைப் பல் கட்டரைத் தாமே செய்துகொள்கிறார். சில்வர் ஸ்டீல் என்று விற்கப்படும், நூற்றுக்கு ஒரு பங்கு அளவில் கரிமம் கொண்ட எஃகுக் கம்பியே அதற்கு மூலப்பொருள்; பெயரில் மட்டுமே வெள்ளி.

0.2 மாட்யூலில் அம்முனையின் அகலம் மூன்றிலொரு மில்லிமீட்டர்கூட இல்லை. கண்ணால் பார்த்து அரத்தால் உருவாக்க இயலாது. ஆகவே எஃகுத் தட்டு ஒன்றை லேத்தில் சுழலவிட்டு, உரிய விட்டத்தில் கடைந்து கடினப்படுத்திய இரு வட்டப் பொத்தான்களை உரிய இடைவெளியில் பதித்த உளியால் அதன் விளிம்பை வெட்டினால், பொத்தான்களின் வில் இரண்டும் விளிம்பின் இருபுறமும் பதிந்து பல்லின் பக்கவளைவைத் தந்துவிடும். 20 பாகை இன்வால்யூட் பல்லுக்கு அப்பொத்தானின் விட்டம் பல்வட்ட விட்டத்தை 0.342-ஆல் பெருக்கியது; 12.8 மி.மீ. சக்கரத்துக்கு அது 4.4 மி.மீ. அளவாகிவிடுவதால், பல் எவ்வளவு சிறிதாயினும் அதை உருவாக்கும் பொத்தான் கையாளத்தக்க அளவிலேயே இருக்கிறது. இனி, வெட்டும் விளிம்புக்குப் பின்னால் உள்ள பகுதி சற்றே தாழ்ந்திராவிட்டால் கட்டர் வெட்டாமல் தேய்க்கும். தட்டை மையம் விலக்கிப் பொருத்தி இதே வடிவத்தைக் கடைந்தால், விளிம்பிலிருந்து பின்னோக்கிப் போகப்போக ஆரம் இயல்பாகவே குறைந்து அத்தாழ்வு கிடைத்துவிடும். மையம் விலகுவதைத் தடுப்பதற்கே இவ்வளவு பாடுபடுகிற வேலையில், விலகலையே வேண்டுமென்று கருவியாக்கிக்கொள்ளும் இடம் இது ஒன்றுதான்.

கடைந்த கட்டரைச் செர்ரிப்பழச் சிவப்புக்குக் காய்ச்சித் தண்ணீரிலோ எண்ணெயிலோ அமிழ்த்தி, கொல்லர் துவைச்சல் என்று சொல்லும் கடினம் ஏற்றி, பின் இளமஞ்சள் நிறம் வரும்வரை மறுபடி மெல்லச் சூடாக்கினால் நொறுங்கும் குணம் குறையும். ஈயம் கலந்த பித்தளை பொடிச் சீவலாக உதிர்வதால் ஒற்றைப் பல் கட்டர் அதை வேகமாகச் சுழன்று வெட்டும். ஈயம் இல்லாத பித்தளையோ இழுத்துக்கொண்டு பிசிறடிக்கும். பழைய பாத்திரத் தகட்டில் சக்கரம் வெட்ட முயல்வோர் படும் பாட்டுக்குப் பெரும்பாலும் காரணம் இதுவே. கட்டரும் சக்கரமும் ஒரே காலத்தில் சுழன்று பல்லைத் தானே உருவாக்கும் ஹாபிங் முறையும், மெல்லிய கம்பியிலிருந்து மின்பொறி பாய்ச்சி அறுக்கும் முறையும் தொழிற்சாலைகளுக்கு உரியவை. முதலாவதை மின்னணுக் கட்டுப்பாட்டோடு வீட்டிலும் செய்வோர் இருக்கின்றனர் என்றாலும், ஒன்றிரண்டு சக்கரங்களுக்கு அந்த ஏற்பாடு மிகை.

சக்கரத் தகட்டைப் பிடிப்பதில் பழைய கடிகாரக்காரர்களின் வழிக்கு ஈடு இல்லை. பித்தளைத் தண்டு ஒன்றின் முகப்பைச் சக்கிலேயே சமமாகக் கடைந்து, அதைச் சூடாக்கி அரக்கைத் தடவி, ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள பித்தளைத் தகட்டை அதில் ஒட்டிவிட்டு, ஆறியபின் அதே நிலையில் நடுத்துளையையும் வெளிவட்டத்தையும் கடைவர். சக் எவ்வளவு விலக்கிப் பிடித்திருந்தாலும் கவலையில்லை. துளையும் விளிம்பும் இயந்திரத்தின் சுழல்மையத்தையே மையமாகக் கொண்டு பிறப்பதால் இரண்டும் ஒன்றுக்கொன்று மையமாகவே இருக்கும். தண்டைச் சக்கிலிருந்து கழற்றாமல், லேத்தின் சுழல்தண்டிலேயே பகுப்புத் தகட்டைப் பொருத்திப் பல்லையும் வெட்டி முடித்துவிட்டால் அந்த மையம் கெடுவதற்கு வாய்ப்பே இல்லை. வேலை முடிந்தபின் சூடுகாட்டினால் அரக்கு இளகிச் சக்கரம் கையோடு வரும். இப்போது சிலர் அரக்குக்குப் பதில் உடனொட்டும் பசையைப் பயன்படுத்துகின்றனர். அதுவும் சூட்டில் விடும்.

எவ்வளவு ஆழம் வெட்டுவது என்பதை அளவுகோலைவிடப் பல்லே நன்றாகச் சொல்லும். முதலில் அடுத்தடுத்த இரு பள்ளங்களை மட்டும் கணக்கைவிடக் குறைந்த ஆழத்தில் வெட்டி, இடையில் நிற்கும் பல்லை உருப்பெருக்கியில் பார்த்தால், தலையில் தட்டையான ஒரு பட்டை தெரியும். லேத்தில் கடைந்த பழைய மேற்பரப்பின் மிச்சம் அது. ஆழத்தை நூறிலொரு மில்லிமீட்டர் அளவாக ஏற்றி அதே இரு பள்ளங்களையும் மீண்டும் வெட்ட வெட்ட, இருபுற வளைவுகளும் நெருங்கிப் பட்டை ஒடுங்கிக்கொண்டே வரும். அது மெல்லிய ஒளிக்கோடாகச் சுருங்கிய கணத்தில் நிறுத்திவிட வேண்டும். கோடும் மறைந்துவிட்டால் பல் குட்டையாகிறது என்று பொருள்.

பினியன் இதனினும் கடுமை. கட்டரின் நடுக்கோடு பினியனின் மையத்துக்கு நேராக இல்லாமல் 0.03 மி.மீ. விலகியிருந்தால், 12.8 மி.மீ. சக்கரத்தில் பற்கள் ஏறத்தாழ கால் பாகை சாயும், அது கண்ணுக்கே தெரியாது, 1.6 மி.மீ. பினியனில் அதே விலகல் இரண்டு பாகைக்கு மேல் சாய்வாகி, பல் ஒருபுறம் கொக்கிபோல் வளைந்து நிற்கும். ஆகவே முதலில் ஒரு வீண்துண்டில் பள்ளம் ஒன்று வெட்டி, துண்டை அரைச்சுற்றுத் திருப்பி எதிர்ப்புறம் இன்னொன்று வெட்டி, இரண்டும் ஒரே நேர்கோட்டில் அமைகின்றனவா என்று பார்த்துச் சரிசெய்வர்; திருப்பிப் பார்க்கும்போது விலகல் இரட்டிப்பாகத் தெரிவதால் சிறு பிழையும் தப்பாது. பற்களுக்கு அடியில் எஞ்சும் உடல் ஒரு மில்லிமீட்டர்கூட இல்லாததால், தண்டின் மறுமுனையைக் குழிந்த மையத்தால் தாங்கி, முதலில் மெல்லிய வட்ட ரம்பத்தால் பள்ளங்களைக் கீறிவிட்டு, பிறகே வடிவக் கட்டரை ஓட்டினால், அதன் மேல் விழும் வேலை பாதியாகக் குறையும். வெட்டிய பினியனைச் சிவக்கக் காய்ச்சிக் கடினமாக்கி, நீலநிறம் வரும்வரை பதப்படுத்திய பின், துவைச்சலில் நேர்ந்த கோணலை நிமிர்த்தி, மரத்தகட்டின் விளிம்பில் மெருகுத்தூளைத் தடவிப் பள்ளம் பள்ளமாகத் தேய்த்து மெருகேற்றுவர். இவ்வளவும் வேண்டாம் என்போருக்கு, இரு வட்டத் தகடுகளுக்கு இடையே எஃகுக் கம்பிகளைச் செருகிப் பற்களாக்கும் லாந்தர் வகைப் பினியன் உண்டு. அதில் வளைவும் இல்லை, கட்டரும் இல்லை, துளைகளைச் சரியான வட்டத்தில் போட்டுவிட்டால் போதும்.

மெருகில் இவ்வளவு கவனம் எதற்கென்று கேட்கலாம். மென்மையான பித்தளையும் கடினமான எஃகும் உராயும்போது பித்தளைதான் தேயும் என்று எண்ணுவது இயல்பு. பழைய கடிகாரங்களைத் திறந்து பார்ப்போர் காண்பதோ பெரும்பாலும் இதற்கு மாறானது. காற்றில் வரும் மணல்துகளும் தூசியும் மென்மையான பித்தளைப் பல்லில் பதிந்துகொண்டு, அதையே ஓர் அரைக்கும் கருவியாக மாற்றிவிட, கடினமான எஃகுப் பல்லில் ஆண்டுக்கணக்கில் பள்ளம் விழுகிறது. சக்கரத்தைவிடப் பினியன் எட்டு மடங்கு அதிகம் சுழல்வதும் இதற்குத் துணைபோகிறது. வழவழப்பான, எண்ணெய்ப் பிசுக்கில்லாத எஃகுப் பல்லில் தூசி தங்குவதற்கு இடம் குறைவு. கடிகாரப் பற்களுக்கு எண்ணெய் இடக்கூடாது என்று பழுதுபார்ப்போர் வற்புறுத்துவதும் இதனாலேயே.

சக்கரமும் பினியனும் ஆயத்தமான பிறகு, 7.2 மி.மீ. என்று கணக்கில் வந்த மையத் தொலைவை அப்படியே நம்பித் தகட்டில் துளையிடுவது வழக்கமில்லை. டெப்த்திங் கருவி என்னும் ஒரு சாதனத்தில் இரு தண்டுகளையும் இணையாகப் பொருத்தி, ஒரு திருகால் அவற்றை நெருக்கியும் விலக்கியும் விரலால் சுழற்றிப் பார்த்து, இறுக்கமும் தடதடப்பும் இன்றி ஓடும் இடம் எதுவோ அதிலேயே நிறுத்தி, கருவியின் கூர்முனைகளால் அத்தொலைவைத் தகட்டில் நேராகக் கீறிவிடுவர். கட்டரில் ஒட்டியிருந்த சிறு பிழை, ஆழத்தில் நேர்ந்த சிறு பிழை ஆகியவையெல்லாம் இந்த ஒரே இடத்தில் ஈடுசெய்யப்பட்டுவிடுகின்றன, எண்ணில் 7.2 என்று இருந்தது தகட்டில் 7.17 ஆகவோ 7.22 ஆகவோ விழுந்தாலும் கடிகாரத்துக்கு அதனால் குறையில்லை.

அப்படியும் ஓட்டத்தில் எங்கேனும் பிடித்தால், பிடிப்பு எப்போது திரும்ப வருகிறது என்பதைக் கவனித்தால் குற்றவாளி அகப்பட்டுவிடும். சக்கரத்தின் சுற்றுக்கு ஒருமுறை மெல்ல இறுகி மெல்லத் தளர்ந்தால் சக்கரம் மையம் பிசகியிருக்கிறது. அதே காலத்தில் எட்டு முறை அவ்வாறு நேர்ந்தால் பினியன் பிசகியிருக்கிறது. ஒவ்வொரு பல்லுக்கும் தடுக்கினால் மையத் தொலைவோ பல்வடிவமோ தவறு. சுற்றுக்கு ஒரே இடத்தில் சட்டென்று தடுக்கினால் அங்கே பிசிறு இருக்கிறது, அல்லது பகுப்பில் ஒரு துளை தப்பியிருக்கிறது. பிசிறாயின் கூர்மரக் குச்சியால் நீக்கிவிடலாம். மையம் பிசகிய சக்கரத்தையோ துளை தப்பிய சக்கரத்தையோ அரம் வைத்துத் திருத்த முனைவதில் பயனில்லை. போவது சில ரூபாய்ப் பித்தளைதான், கட்டரும் பகுப்புத் தகட்டும் லேத்தில் இன்னும் அதே இடத்தில்தான் இருக்கின்றன, ஆகவே அரக்கைச் சூடாக்கி அடுத்த தகட்டை ஒட்டிவிடுவதே வழக்கம்.